இடது எஞ்சின்

சிமுலேட்டரில் எனக்குப் பிடித்த குணம், அதில் எது உடைந்தாலும் திரும்ப வந்துவிடும் என்பதுதான். விமானம் தரையில் மோதிச் சிதறும். ஒரு பொத்தானை அழுத்தினால் ஓடுபாதையின் முனையில் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து நிற்கும். என்னைப் போல மாடல் விமானம் பறக்கவிடுகிறவர்களுக்கு அது பெரிய வசதி. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டிய விமானத்தைப் பழகாத கை ஒரு நொடியில் விறகாக்கிவிடும். அதனால் முதலில் கணினித் திரையில் பழகிவிட்டு அப்புறம் களத்துக்கு வா என்று எல்லோருக்கும் சொல்வேன்.

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். சத்தமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் பூபாலன். அணுபுரம் குடியிருப்பில் இருந்து அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செங்கல்பட்டை அடுத்த எங்கள் ஊரில் திருவிழாவின்போது பரிவட்டம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் கட்டுவார்கள். என் தாத்தாவுக்குக் கட்டினார்கள், அப்பாவுக்குக் கட்டினார்கள், எனக்கும் கட்டுகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் கோப்பில், என் ஒரே மகள் வச்சலா போன வைகாசியில் ஏரித் தரையில் விமானம் மோதி இறந்தாள் என்றும், அது விபத்து என்றும் இருக்கிறது. விபத்து என்ற சொல் நான் கொடுத்தது. அந்தக் கோப்பில் சில திருத்தங்கள் செய்ய வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

தேவா என்பவனை எங்கள் களத்துக்கு அழைத்து வந்தவர் அப்துல் கையூம். செங்கல்பட்டு பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எனக்குப் பல வருடப் பழக்கம். ஏரி வற்றியதும் நாங்கள் சிலர் அதன் தரையில் கூடிப் பறக்கவிடுவோம். தேவா மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துக்காரன். மீன்பிடிப் படகுகளின் மோட்டார் பழுதுபார்க்கிறவன், கடலுக்கும் போவான். ஒற்றை எஞ்சின் விமானங்களை நன்றாகவே பறக்கவிட்டான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. களம் என்பது வேறு, வீடு என்பது வேறு. வச்சலா சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறு வயதிலிருந்தே என்னோடு களத்துக்கு வருவாள். அவள் யாருக்காக வருகிறாள் என்பது எப்போது மாறியது என்று நான் கவனிக்கவில்லை. அது என் பிழைதான்.

ஒரு காலைச் சிற்றுண்டியின்போது சொன்னாள். "அப்பா, தேவாவத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டோம். உங்ககிட்ட கேக்கல, சொல்றேன்."

நேராகச் சொன்னாள். அந்த நேர்மை எங்கள் வீட்டுக் குணம். என் மனைவி ராஜம் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி" என்றேன்.

நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. எங்கள் பங்காளி ஒருவர் இதே மாதிரி ஒரு சமயத்தில் அரிவாளை எடுத்துக்கொண்டு மகளைத் தெருவில் துரத்தினார். அவள் பிழைத்துக்கொண்டாள், அவர் செய்தித்தாளில் வந்தார். மானத்தைக் காப்பாற்றப் போய் அதைச் சந்தியில் வைத்துவிட்டு வந்தார். எனக்கு அந்த மாதிரி அவசரங்கள் பிடிக்காது.

தேவாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். என்னிடம் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று இருந்தது. பெட்ரோலில் ஓடும், சிறகுகளை விரித்தால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கிட்ட வரும். அதன் எஞ்சின்களை அவன்தான் பிரித்துச் சரிசெய்து கொடுத்திருந்தான். "கல்யாணத்துக்கு முன்னால் இதை நீ பறக்கவிட வேண்டும். அதற்கு முன்னால் சிமுலேட்டரில் பழக வேண்டும்" என்றேன். வச்சலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவனை ஏற்றுக்கொள்ளும் முறை அது என்று நினைத்தாள். நான் மறுக்கவில்லை.

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். இரண்டில் ஒன்று நின்றுபோனால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது ஓடுகிற எஞ்சினின் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, சுக்கானால் பிடித்துக்கொண்டு இறக்க வேண்டும். பயந்துபோய் முழு வேகம் கொடுத்தால், ஓடுகிற எஞ்சின் விமானத்தைப் புரட்டி, நின்ற எஞ்சின் பக்கமாகத் தலைகீழாகத் தரையில் குத்தும்.

கூடத்தில் கணினியின் முன் அவனை உட்காரவைத்து, அவன் விமானத்தைக் கிளப்பும் நேரத்தில் விசைப்பலகையில் இடது எஞ்சினை நிறுத்தினேன். அவன் ஒரு கணம்கூட யோசிக்காமல், வேகத்தைக் கூட்டும் குச்சியான த்ராட்டிலை முழுக்க மேலே தள்ளினான். விமானம் மல்லாந்து இடது பக்கம் குத்தியது.

"இன்னாடா, பொம்ம பிளேனுக்கே இப்டி வேர்த்துகினு கீற" என்று வச்சலா அவனுடைய பேச்சிலேயே அவனைக் கிண்டல் செய்தாள்.

"கடல்ல வுழுந்தா நீந்திக்கலாம். உங்கப்பா பிளேன் வுழுந்தா எங்க நீந்தறது?" என்றான் அவன். பிறகு என் பக்கம் திரும்பி, "பழக்கம் சார். அலை ஒடையற எடத்துல மோட்டார கம்மி பண்ணா படகு குறுக்கால திரும்பிக்கும். அப்பாலிக்கா ஆளு, வலை எல்லாம் தண்ணிலதான். பயம் வந்தா முறுக்குடான்னு எங்க நைனா சொல்லிக்கினே இருப்பாரு. கை தானா போவுது."

"பயம் வந்தா முறுக்குவான். என்னைப் பாத்தா மட்டும் பேச்சே வராது" என்றாள் வச்சலா. அவன் சிரித்தான். ராஜம் அவனுக்குக் காகிதக் கப்பில் காபி கொடுத்தாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம், நான் சொல்லித் தரவில்லை.

அவன் போன பிறகு நான் நெடுநேரம் கணினியின் முன் இருந்தேன். அவனுடைய கை செய்ததை நானும் செய்து பார்த்தேன். எழும்பும்போது இடது எஞ்சினை நிறுத்துவது, த்ராட்டிலை முழுக்கத் தள்ளுவது. விமானம் எப்போதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தது. ஓடுபாதையின் எதிர்ப்பக்கம், சற்று முன்னால். அந்த சிமுலேட்டரில் களத்தில் நாம் பொருள்களை வைக்கலாம். மரம், கூடாரம், நிற்கிற ஆட்கள். தொப்பி போட்ட ஒரு பெண் உருவத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். காற்றைக் கிழக்கிலிருந்து வைத்தேன், ஏரித் தரையில் மாலையில் கடல்காற்று அப்படித்தான் வரும். அந்த வாரம் அதைப் பலமுறை செய்து பார்த்தேன். உருவம் கீழே விழுவதில்லை. அதன்மீது மோதி விமானம்தான் உடையும். பொத்தானை அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஏன் அவனை இல்லை, ஏன் அவளை. அவன் செத்திருந்தால் அவள் அவனுடைய விதவையாகக் காலம் முழுக்க என் வீட்டில் இருந்திருப்பாள். தாலி கட்டாவிட்டாலும் ஊர் அப்படித்தான் சொல்லியிருக்கும், அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், என்னிடமிருந்து வந்ததுதான். கல்யாணத்துக்கு முன் அவளே போய்விட்டால் அவள் எங்கள் வீட்டுப் பெண்ணாகப் போவாள். அவளுடைய பெயர் எங்கள் பெயரோடு இருக்கும். ஒரு தகப்பன் மகளுக்குச் செய்யக்கூடியதில் எது அதிகம் என்று நிதானமாக யோசித்தேன்.

ஒரு திருத்தம். அவனுடைய சொந்தப் பழக்கமே அவனைக் கெடுத்தது என்று இதுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்க அப்படி இல்லை. அவன் கெட்டிக்காரன். நாலைந்து முறை மோதியதும் தப்பு எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டான். அதனால் சிமுலேட்டரில் அந்த விமானத்தின் கணக்கை மாற்றினேன். திரையில் தெரியும் உருவம் வேறு, அது பறக்கும் கணக்கு வேறு. உருவத்தைத் தொடாமல் இரண்டு எஞ்சின்களையும் நடுவுக்கு நெருக்கமாக நகர்த்தினேன், வாலைப் பெரிதாக்கினேன். அதன் பிறகு ஒரு எஞ்சின் நின்றால் முழு வேகம் கொடுத்தால்தான் விமானம் பிழைக்கும். குறைத்தால் விழும். அவனுடைய கைக்கு இயல்பாக வருவதே சரி என்று திரை அவனிடம் சொன்னது.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார், யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரரு எஞ்சின் போனா த்ராட்டில கொறைன்னு சொல்றாரே."

"அது அவர் விமானம். இது என் விமானம்" என்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். சும்மாதான் கேட்டேன்" என்றான். என்னைச் சந்தேகப்பட்டதற்காக அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அதன் பிறகு அவன் வேறு எதையும் பார்க்கவில்லை. தினமும் சாயங்காலம் வந்தான். கடைசியில், நான் எப்போது எஞ்சினை நிறுத்தினாலும் அவனுடைய கட்டைவிரல் கண் பார்ப்பதற்கு முன்னாலேயே மேலே போயிற்று. நான் அவனை மனதாரப் பாராட்டினேன்.

களத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய விமானத்தை ஒருவர் முதல்முறை பறக்கவிடும்போது இரண்டு ரிமோட்களை இணைத்துக்கொள்வோம். ஒன்று அவர் கையில், மற்றது உடைமைக்காரர் கையில். உடைமைக்காரருடைய ரிமோட்டில் ஸ்பிரிங் வைத்த ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அவர் விரலால் இழுத்துப் பிடித்திருக்கும் வரைதான் புதியவரிடம் விமானம் இருக்கும். விரலை எடுத்தால் அந்தக் கணமே விமானம் உடைமைக்காரரிடம் வந்துவிடும். எஞ்சின்களை நிறுத்தும் சுவிட்சுகளும் அவரிடம்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் விசாரித்தவர்கள் என் கையில் இருந்த ரிமோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மகளைப் பறிகொடுத்தவனிடம் எப்படிக் கேட்பார்கள்.

அந்தச் சாயங்காலம் கடல்காற்று நன்றாக இருந்தது. ஓடுபாதையின் எதிர்ப்பக்கம், சற்று முன்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். "அங்கிருந்து வீடியோ எடு. தேவாவின் முகமும் விமானமும் ஒன்றாக விழும்" என்று வச்சலாவிடம் சொன்னேன்.

கையூம் தன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, நாற்காலிய அங்க போட்டுகீறீங்க? ஆளுங்கல்லாம் நம்ம பக்கம்தான நிக்கணும்?"

"கல்யாண வீடியோ" என்றேன்.

"அதான பாத்தேன். மாமனாரே கேமராவுக்கு ஆங்கிள் வெக்கிறாரு" என்று சிரித்தார். ஆனாலும் மனது கேட்காமல் போய் நாற்காலியைச் சில அடி பின்னால் இழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவர் நல்ல மனிதர். அவர் பெட்ரோல் நிரப்பக் குனிந்தபோது நான் நடந்து போய் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். வச்சலா எனக்கு உதவி செய்தாள். நாற்காலியின் ஒரு காலை அவள் பிடித்துக்கொண்டாள்.

"தொப்பி போட்டுக்கோ. வெயில்" என்றேன்.

"இந்த வயசுலயும் தொப்பியா" என்றாள். ஆனால் போட்டுக்கொண்டாள்.

தேவா விமானத்தின் முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். குப்பத்தில் படகுக்குச் செய்வது போல. பிறகு என்னைப் பார்த்து, முதல்முறையாக, "போலாமா மாமா" என்றான். அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முகத்தில் காட்டவில்லை.

நான் சுவிட்சை இழுத்துப் பிடித்தேன். இரண்டு எஞ்சின்களும் ஒரே குரலில் பாடின. அவன் நன்றாகத்தான் கிளப்பினான். சக்கரங்கள் தரையை விட்டன, விமானம் தலை உயரத்துக்குச் சற்று மேலே போயிற்று. நான் மறு கையால் இடது எஞ்சினின் சுவிட்சைத் தட்டினேன்.

அவனுடைய கட்டைவிரல் மேலே போயிற்று.

இடது சிறகு சரிந்தது. விமானம் மல்லாந்தது. வலது எஞ்சினின் சத்தம் மட்டும் குறையவே இல்லை. வச்சலா எழுந்து நின்றிருந்தாள். போனைத் தாழ்த்தினாள். அவள் விமானத்தைப் பார்க்கவில்லை, தேவாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சிறு வயதிலிருந்து களத்துக்கு வந்தவள் அவள். அப்பா கையில் இன்னொரு ரிமோட் இருக்கிறது, அப்பா வாங்கிக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஓடாததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். நேரம் இருந்தது. விரலை எடுத்திருந்தால் நான் பிடித்திருப்பேன். என் கை அவ்வளவு பழகியது.

விரலை எடுக்கவில்லை.

புரொப்பல்லர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. அது மரத்தில் செய்தது. அதன் ஒரு இதழ் முறிந்து அவளுக்குள்ளேயே தங்கிவிட்டதாகப் பிறகு மருத்துவர் சொன்னார். அவள் விழுந்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தின் எடை அவள்மேல் இருந்ததால் மிச்சமிருந்த இதழ் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தை அடித்தது. மண்ணும் மற்றதும் தெறித்தது. தேவா ஓடிப்போய் வெறுங்கையால் அதைப் பிடித்தான். அவனுடைய இரண்டு விரல்கள் அங்கே போயின. அதன் பிறகுதான் நான் வலது எஞ்சினின் சுவிட்சைத் தட்டினேன். இடது சுவிட்சை இருந்த இடத்துக்குத் திருப்பி வைத்தேன். கையூம் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். தான்தான் அதைச் சரியாக நகர்த்தவில்லை என்று இன்றுவரை அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தேவா என்னிடம் எதையும் கேட்கவில்லை. "நான் சரி பண்ண எஞ்சினு மாமா. நான்தான் மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

விபத்து என்று நான் எழுதிக் கொடுத்தேன். பெண்ணைப் பறிகொடுத்தும் அந்தப் பையனை மன்னித்தார், பெரிய மனிதர் என்று ஊர் பேசியது. கோயிலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைக்கவில்லை. எல்லாம் நான் நினைத்தபடியே முடிந்ததாகத்தான் இருந்தது.

நான் நினைக்காதது ஒன்று நடந்தது. தேவாவால் கடலுக்குப் போக முடியவில்லை. அலை உடையும் இடம் வந்தால் அவன் கை இப்போது முறுக்கப் பயந்து மோட்டாரைக் குறைத்துவிடுகிறதாம். ஒருமுறை படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்து, அவனுடைய அண்ணனுக்குக் கால் போயிற்று. அதன் பிறகு குப்பத்தில் யாரும் அவனைப் படகில் ஏற்றுவதில்லை. அவன் என் வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தான். மாத்திரை வாங்கி வருகிறான், தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறான், ராஜத்தை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான். போகச் சொல்ல முடியவில்லை. மன்னித்தவன் எப்படிப் போகச் சொல்வான்? மருந்துக் கடையில், "மருமகன் இப்பதான் வாங்கிட்டுப் போனாரு" என்கிறார்கள். கையூம் போன வாரம், "அல்லா ஒண்ண எடுத்துகினு ஒரு புள்ளய குடுத்துகீறாரு அண்ணாத்த" என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ராஜம் அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறாள். காகிதக் கப் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தபோது வச்சலாவின் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தான், மிச்சமிருக்கும் மூன்று விரல்களால் பிடித்தபடி.

நேற்று மத்தியானம் அவனுக்கு ஒரு புதுத் தட்டில் சோறு போட்டாள். எங்கள் வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் பெயர் வெட்டியிருக்கும். தாத்தாவின் பெயர் வெட்டிய அண்டாவில்தான் இன்றும் தண்ணீர் பிடிக்கிறோம். அந்தத் தட்டின் விளிம்பைப் பார்த்தேன். கல்யாணச் சீருக்கு வெட்டுவது போல, வச்சலா – தேவா என்று வெட்டியிருந்தது.

"என்ன இது" என்றேன்.

"அவ இருந்திருந்தா வெட்டியிருப்போம் இல்லீங்களா" என்றாள் ராஜம். "அவ பேரு தனியா நிக்க வேணாம்னு தோணுச்சு."

தேவா சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதான். "மாமா, நீங்க மட்டும் இல்லன்னா நான் அன்னிக்கே கடல்ல போயிருப்பேன்" என்றான்.

நான் இரவெல்லாம் உட்கார்ந்து யோசித்தேன். பொத்தானை அழுத்தினால் திரும்ப வருகிற விஷயம் இல்லை இது. ஊர் அவனை என் வீட்டில் வைத்துவிட்டது. அவனை அங்கிருந்து எடுக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அவன் என் வாசலை மிதிக்க மாட்டான். ராஜமும் அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுவாள், என்னைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அல்லது பின்னால். அதனால் காலையில் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு இங்கே வந்தேன்.

என் மகளை நான் கொன்றேன். என் கையால், யோசித்து, பழகிப் பார்த்து. அவள் கடைசியாக என்னை நம்பித்தான் பார்த்தாள். அது எனக்குக் கொஞ்சம் நிறைவாகத்தான் இருக்கிறது. கடைசிக் கணத்தில் அவள் அவனைத் தேடவில்லை, தகப்பனைத் தேடினாள்.

எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். ஆம், சரி. ஆம். இல்லை, நிறுத்துங்கள். இரண்டாவது பக்கத்தில், 'மேற்படியாரின் மருமகன் தேவா' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை அடித்துவிடுங்கள். மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன்.